வண்டி சூடானதற்கு நான் சொன்ன காரணம்

என் வண்டி ஏன் சூடானது என்ற உண்மையை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதத் துணிந்ததற்குக் காரணம், இது தமிழில் இருக்கிறது என்பதுதான். என் மகளுக்குத் தமிழ் பேச வரும், அதுவும் தட்டுத் தடுமாறி. எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. புனேயில் பிறந்து, இந்தியில் விளையாடி, மராத்தியில் சண்டை போட்டு, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுகிற பிள்ளை. அவள் கண்ணில் பட்டாலும் படிக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் இருப்பது புனேயின் ஒரு கோடியில், தாபோடியில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நானும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பம்பு, வால்வு, குழாய், இவைதான் பிழைப்பு. என் மனைவி, இன்னும் அப்படித்தான் எழுத வருகிறது, மகளோடு ஊரின் மறுகோடியில், கோந்த்வாவில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறாள். வங்கி வேலை. எங்களுக்குள் குடி, அடிதடி, வேறொரு ஆள் என்று ஒன்றும் கிடையாது. அவள் என்மேல் வைத்த குற்றம் ஒன்றே ஒன்று: நான் எதையும் கவனிக்க மாட்டேன். ஊரிலுள்ள பம்பையெல்லாம் சரி செய்வேன், வீட்டுக் குழாய் ஒழுகினால் அடியில் பக்கெட்டை வைப்பேன் என்பாள். பெரிதுபடுத்துகிறாள் என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் இன்னும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இந்த ஒரு வழக்கை வைத்தே அவள் வீட்டை இரண்டாக்கிவிட்டாள். அதைத் தடுக்க எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு பிள்ளை என்னோடு இருக்கலாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். வக்கீல் எழுதிய தாளில் மணிக்கணக்கு ஏதோ இருந்தது. அவள் வாயால் சொன்னது இவ்வளவுதான்: "விளக்கு வைக்கறதுக்குள்ள கொண்டுவந்து விட்டுடுங்க." அந்த ஞாயிறுகள்தான் என் வாழ்க்கை. மீதி நாள்களை, அவற்றுக்கு வந்து சேரும் வழி என்று நினைத்துத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வண்டி பழையது. நான்காவது கையாகவோ ஐந்தாவது கையாகவோ என்னிடம் வந்த சிறிய கார். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் வெளியில் கொடுத்து ஏ.சி. போட்டிருந்தார். அதற்கான சல்லடைபோன்ற தகட்டை ரேடியேட்டருக்கு முன்னால் கொண்டுபோய் மாட்டியிருந்தார்கள். ரேடியேட்டர் என்பதும் ஒரு சல்லடைத் தகடுதான். உள்ளே எஞ்சின் தண்ணீர் ஓடும், வெளியே காற்று ஊடுருவிப்போய் அதை ஆற்றும். இந்த இரண்டு தகடுகளுக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவு சந்து. ஏ.சி. செத்துப் பல வருடம் ஆயிற்று, தகடு மட்டும் அங்கேயே இருந்தது. நானும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஆனால் ஞாயிறு காலையில் வண்டியைக் கழுவாமல் எடுத்ததே கிடையாது. பிள்ளை ஏறுகிற வண்டி. முன்பக்கம், கண்ணாடி, சக்கரம் எல்லாம் குழாய் வைத்து அடித்து, துடைத்து, மினுக்கிக்கொண்டுதான் கோந்த்வா போவேன்.

என் மனைவிக்கு ஒரு வீம்பு இருந்தது. மகளை என்னிடம் அனுப்பும் ஞாயிறுகளில் மட்டும் அவளைக் கல்யாண வீட்டுக்கு அனுப்புவதுபோல அனுப்புவாள். இறுக்கிப் பின்னிய ஜடை, அதில் தொங்கத் தொங்க மல்லிகையோ கனகாம்பரமோ. "அப்பா வீட்டுக்குப் போற பிள்ளை மூளியாப் போகக் கூடாது" என்பாளாம். நான் ஒருவன் இல்லாமலே பிள்ளை எப்படி வளர்கிறாள் பார் என்று எனக்குக் காட்டுவதற்கென்றுதான் அப்போது தோன்றும். இப்போது அப்படித் தோன்றவில்லை.

மகளுக்குப் பூ பிடிக்காது. கட்டடத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கேட்டைத் தாண்டியதும் ஜடையிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பாள். முதல் தடவை நான் சும்மா இருந்திருக்கலாம்.

"தூக்கிப் போட்டுடு கண்ணு" என்றேன்.

"ஐயோ, இல்லப்பா. பூ மேல கால் படக்கூடாதாம். அம்மா சொல்லியிருக்காங்க, பாப் லகேகா."

பாவம் வருமாம். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சரஸ்வதி பூஜைக்கு நான் வண்டிக்கு மாலை போட்டதைப் பார்த்திருக்கிறாள். "காடிக்கு வெச்சுடட்டா?" என்று கேட்டு, பானெட்டின் முன் விளிம்பில் இருந்த இடுக்கில் பூச்சரத்தைச் செருகினாள். வண்டிக்குப் பூ வைத்த மாதிரியே இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் ஏறுவதற்கு முன்னால் வண்டிக்குப் பூ. சாயங்காலம் திரும்பும்போது பூ இருக்காது. வழியில் எங்கோ விழுந்திருக்கும் என்று இருவரும் நினைத்தோம்.

வண்டி முதன்முதலாகச் சூடானது போப்தேவ் மலைப்பாதையில். கோந்த்வாவிலிருந்து சாஸ்வட் போகிற வழி. மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும், தட்டில் சுடச்சுட வெங்காய பஜ்ஜி கிடைக்கும். பாதி மலை ஏறியதும் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி. ஓரங்கட்டினேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் வெந்நீர் முகத்தில் அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆறட்டும் என்று இருவரும் சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம்.

ஓடுகிற வண்டியில் அவள் அவ்வளவாகப் பேசமாட்டாள். அங்கே பேசினாள்.

"அப்பா, நான் பொறக்கறதுக்கு முன்னாடி நீயும் அம்மாவும் ஃபைட் பண்ணுவீங்களா?"

"சேச்சே. அப்ப இன்னா சண்டை" என்றேன், எங்கள் பழைய நாள்களைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்கிறோம் என்ற நினைப்பில்.

"அப்போ நான் வந்தப்புறம்தான், இல்ல?"

அப்படி இல்லை, அப்படியே இல்லை என்று ஏதேதோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நான் அன்னிக்கு வாட்டர் பாட்டில் குமாவாம இருந்திருந்தா நீ தாபோடி போயிருக்க மாட்டே" என்றாள். நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளில் சண்டை ஆரம்பித்தது அவள் பள்ளியில் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்ததில்தான். இரண்டு பெரியவர்கள் மறந்தே போன ஆரம்பத்தை ஒரு சின்னப்பிள்ளை இத்தனை நாளும் மனத்துக்குள் சுமந்துகொண்டிருக்கிறாள். நான் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். தலையாட்டினாள். டீச்சர் சொன்னதற்குத் தலையாட்டுவதுபோல.

அன்று இருட்டிய பிறகுதான் அவளைக் கொண்டுபோய் விட்டேன். மனைவி கீழே வந்து நின்றிருந்தாள். மூடி லூசாக இருந்திருக்கிறது, மாற்றிவிடுகிறேன் என்றேன். மாற்றினேன். அடுத்த முறை ஸ்வார்கேட் நெரிசலில் மறுபடி முள் ஏறியது.

வீட்டுப் பக்கத்து மெக்கானிக், தண்ணீரைச் சூடாகும்வரை எஞ்சினுக்குள் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைச் சந்தேகப்பட்டார். இந்த ஊரில் எந்தப் பழைய வண்டி சூடானாலும் முதல் பலி அதுதான். "நிகால் கே ஃபேங்க் தோ" என்று கழற்றி எறிந்தார். சில நாள் ஒழுங்காக இருந்தது, மறுபடியும் சூடு. ரேடியேட்டருக்குப் பின்னால் காற்றை இழுக்கும் விசிறியை நேராக பாட்டரிக்குக் கொடுத்து, சாவி போட்டதிலிருந்து நிற்காமல் சுற்றும்படி செய்தோம். வண்டி மாவு மில் மாதிரி இரைந்ததே தவிர முள் இறங்கவில்லை. வாட்டர் பம்பை நானே மாற்றினேன். எஞ்சின் தலைப்பகுதியை அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்து டீ நிறமாகும். அதைப் பார்த்தேன், இல்லை. ரேடியேட்டருக்குள் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், மேலே ஊற்றியது கீழே தாராளமாக வந்தது. உள்ளே ஓர் அடைப்பும் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் மனைவிக்கு போன் செய்தேன். "வால்வுதான், எடுத்தாச்சு." "ஃபேன்தான், மாத்தியாச்சு." "பம்புதான், இனிமே வராது." ஒவ்வொரு தடவையும் அவள் "சரி" என்ற விதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

மே மாதம் ஒரு ஞாயிறு. கோடை உச்சம். திரும்பும் வழியில் சிவாஜிநகரிலேயே முள் ஏறிவிட்டது. விளக்கு வைப்பதற்குள் கோந்த்வா போயாக வேண்டும், நிறுத்தி ஆறவைக்க நேரமில்லை. அதற்கு ஒரு வழி உண்டு. குளிர்காலத்துக்கென்று உள்ளே இருக்கும் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு வண்டிக்குள் வந்துவிடும். எஞ்சின் பிழைக்கும், உட்கார்ந்திருப்பவர்கள் வேகுவார்கள். கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு அப்படித்தான் ஓட்டினேன். "பஸ் அப்பா, பஸ்" என்று மட்டும் ஒருமுறை இந்தியில், போதும் என்று சொன்னாள். இதோ வந்துவிட்டோம் என்றேன். கேட்டில் இறங்கும்போது அவள் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. இரண்டடி வைப்பதற்குள் சில்லுமூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் கொட்டியது.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, தன் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இனிமே வேண்டாம்" என்றாள்.

"பஸ்ல கூட்டிகினு போறேன். மெட்ரோல போறேன்."

"எனக்கு வண்டி பிரச்சினை இல்ல. வால்வுன்னீங்க, ஃபேன்னீங்க, பம்புன்னீங்க. எதுன்னே தெரியாம பிள்ளைய ஏத்திக்கிட்டுச் சுத்தியிருக்கீங்க. என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அது உங்க கையில இல்லாததுன்னா நான் மன்னிச்சுடறேன். நீங்க பாக்காம விட்டதுன்னா, அவ பெரியவளாகித் தானா உங்ககிட்ட வரட்டும்."

வழக்கு மறுபடி அதே வழக்குதான். இந்த முறை தீர்ப்பு ஒரு துருப்பிடித்த வண்டிக்குள் இருந்தது. நான் கவனிக்காதவன் இல்லை என்று நிரூபித்தால் ஞாயிறு உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

அடுத்த வாரம் விடுப்புப் போட்டேன். வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, பம்பர், முகப்பு, விளக்குகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உள்ளே எல்லாம் பார்த்தாகிவிட்டது, இனி வெளியே பார்ப்பதுதான் பாக்கி. செத்துப்போன ஏ.சி.யின் தகட்டைத் தாங்கியிருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி அதை முன்னால் சாய்த்தேன்.

ரேடியேட்டரையே காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் பழைய கம்பளிபோல ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தூசியும் எண்ணெயும் சேர்ந்து இறுகிய கனத்த படலம். சனியன் இதுதானா என்று ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். ஒரு பாளமாக உரிந்து கையில் வந்தது. திருப்பிப் பார்த்தேன். நூல். முடிச்சு முடிச்சாக நூல். முடிச்சுகளுக்கு நடுவில் டீத்தூள் நிறத்தில் காய்ந்து கிடந்த மொட்டுகள். கடைசியாக வைத்த கனகாம்பரம் மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருந்தது.

பூ வழியில் விழவே இல்லை. பானெட் இடுக்கிலிருந்து நேராக அந்தச் சந்துக்குள் இறங்கியிருக்கிறது. விசிறி இழுத்த இழுப்பில் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டு, மேலே விழுந்த தூசியையெல்லாம் நூலால் பிடித்து வைத்திருக்கிறது. விசிறியை நிற்காமல் சுற்றவிட்டதும் இன்னும் இறுக்கமாக அப்பியிருக்கிறது. நான் ஞாயிறுதோறும் குழாயால் அடித்த தண்ணீர் முன்தகட்டோடு நின்றுவிட்டது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன். நான் இல்லை! நான் கவனிக்காததால் இல்லை! போனை எடுத்து மனைவி பெயரைக்கூட அழுத்திவிட்டேன். நீ பின்னிவிட்ட ஜடையில் நீ வைத்த பூ, நீ சொல்லிக்கொடுத்த பாவ புண்ணியம், போதுமா, என்று கேட்க நாக்கு துடித்தது. மணி அடிப்பதற்குள் அந்தக் கைப்பிடிச் சுவரும், அதில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு 'அப்போ நான் வந்தப்புறம்தான்' என்று கேட்ட குரலும் நினைவுக்கு வந்தன. போனை நிறுத்திவிட்டு அந்தப் பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினேன். மடங்கியிருந்த தகடுகளைப் பழைய சீப்பால் நிமிர்த்தினேன். செத்த ஏ.சி.யின் தகட்டைத் தூக்கி எறிந்தேன், புது வால்வு போட்டேன், கூலன்ட் ஊற்றினேன். பூவை மட்டும் குப்பையில் போடக் கை வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் போட்டேன், கால் படாத இடமாகப் பார்த்து.

மறுநாள் தனியாக போப்தேவ் மலையில் ஏற்றினேன். முள் பாதியில் நின்றது, அசையவில்லை. ஏறும்போது, மனைவியிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். இறங்கும்போது அது சரிப்படாது என்று தோன்றியது. அவள் கெட்டவள் இல்லை. ஆனால் கோபம் வந்தால் அவளுக்கும் வாய் நிற்காது, எனக்கும் நிற்காது, அதனால்தான் நாங்கள் இரண்டு வீட்டில் இருக்கிறோம். என்றாவது ஒருநாள் பிள்ளைமேல் எரிந்து விழும்போது அந்தப் பூவும் கூடவே வந்து விழும். தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் பிள்ளை அதையும் எடுத்து வைத்துக்கொள்வாள். அதனால் அடைப்பு, கழுவிவிட்டேன் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதென்று வீட்டுக்கு வந்து போன் செய்தேன்.

"கண்டுபிடிச்சுட்டேன். ரேடியேட்டர் அடைச்சிருந்துச்சு. சுத்தமா எடுத்தாச்சு. மலை ஏத்திப் பாத்துட்டேன்."

"இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். அவளும் கேக்கணும்னு நிக்கறா" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் குரலில் ஓர் இளக்கம் இருந்தது. "எதுல அடைச்சிருந்துச்சு?"

"அதான்... அடைப்பு."

"அடைப்புன்னா, எதாவது இருந்திருக்கணுமே? என்ன இருந்துச்சு?"

"ஹாங் அப்பா, க்யா தா உஸ்மே?" என்று பின்னாலிருந்து மகளும் அதையே கேட்டாள். கதை கேட்கிற ஆர்வம்.

"தூசி" என்றேன்.

"வெறும் தூசியா?"

"ஆமா."

மனைவி குரலில் இருந்த இளக்கம் அடுத்த கேள்வியிலேயே போய்விட்டது. "தூசின்னா கழுவினா போயிடும்தானே?"

"போயிடும்."

"அப்ப நீங்க கழுவவே இல்ல. ஒரு தடவை தண்ணி அடிச்சிருந்தா போயிருக்க வேண்டியதுக்காகப் பிள்ளைய ஹீட்டர் போட்டு வேக வெச்சிருக்கீங்க."

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? வால்வு, விசிறி, பம்பு என்று என் கையில் இருந்த பொய்களையெல்லாம் உண்மை என்று நம்பி முன்பே செலவழித்துவிட்டேன்.

"அம்மா, ஆனா காடி எப்பவும் சாஃபா, க்ளீனா இருக்கும்" என்றாள் மகள். குரல் கிட்டத்தில் கேட்டது, போனைக் கையில் வாங்கிக்கொண்டு எனக்காக வாதாடுகிறாள். "சண்டே சண்டே ஷைன் ஆகும். நான் பாத்திருக்கேன். அப்பா, நீ கழுவுவ இல்ல?"

"வெளியில மட்டுந்தான் கழுவுவேன் கண்ணு. உள்ள பாக்கல."

"ஏன்?"

"மறந்துட்டேன்."

அவள் யோசிப்பது கேட்டது. "எல்லா சண்டேவுமா மறந்தே?"

"ஆமாடா கண்ணு" என்றேன். "எல்லா சண்டேவும்."

"அச்சா" என்று சொல்லிவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.